இலைச்சாற்றில் உருவாகும் நானோ துகள்: பயிரின் பாக்டீரியா நோயை அது எப்படித் தடுக்கிறது?

ஓர் இலையை வேகவைத்து வடிகட்டிய சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிர்மஞ்சள் நிறம் பழுப்பாக மாறுகிறது. அதில் ஒரு சொட்டை பாக்டீரியா வளரும் தட்டில் வைத்தால், சுற்றிலும் எதுவும் முளைக்காத வட்டம் ஒன்று தெரிகிறது. இவ்வளவுதான் நடந்திருக்கும், அதற்குள் ‘மூலிகை நானோ மருந்து’, ‘பக்க விளைவே இல்லாத இயற்கைப் பாதுகாப்பு’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு, குழப்பமும் உண்டு. பாக்டீரியாவைக் கொல்வது பெரும்பாலும் உலோகம். இலைச்சாறு அந்த உலோகத்தை நுண்துகளாக்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த வேலைப் பிரிவினை பிடிபட்டால் செய்முறை, சோதனை, பாதுகாப்பு எல்லாமே வரிசையாக விளங்கும்.

தாமிரம் இருக்கும்போது இது எதற்கு?

பயிர் நோய் என்றால் பூஞ்சாணம்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். பூஞ்சாணத்துக்கு வகைவகையான மருந்துகள் உள்ளன. பாக்டீரியாவுக்குக் கையிருப்பு குறைவு. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலும் எலுமிச்சையின் சொறிநோயும் ஸாந்தோமோனாஸ் இனத்தால் வருபவை. தக்காளி, கத்தரிச் செடிகளை வாட வைப்பது ரால்ஸ்டோனியா. ஆப்பிள், பேரி மரங்களின் தீக்கருகலுக்குக் காரணம் எர்வினியா. இலைத்துளை வழியாகவோ காயம் வழியாகவோ உள்ளே நுழைந்துவிட்டால், இவை சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பத்து முறை இரட்டித்தால் ஒன்று ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இவற்றுக்கு எதிராக நெடுங்காலமாகக் கைகொடுப்பது தாமிரம். மயில்துத்தமும் (தாமிர சல்ஃபேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை பிரான்சில் மில்லார்டே 1885இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக வந்த அந்தக் கலவை பாக்டீரியாவுக்கும் பயன்பட்டது. இன்றைய சிக்கல் இரண்டு. ஆண்டாண்டாகத் தெளித்த தாமிரம் மண்ணில் தங்கிவிடுகிறது. அது சிதைந்து மறையும் பொருள் அல்ல. அடுத்து, தாமிரத்தைத் தாங்கும் மரபணுக்களைப் பல ஸாந்தோமோனாஸ் வகைகள் பிளாஸ்மிட் என்னும் சிறு வளைய டிஎன்ஏவில் வைத்திருக்கின்றன. அதை ஒன்றிடமிருந்து இன்னொன்று பெற்றுக்கொள்ளும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே கதிதான். தீக்கருகல் பாக்டீரியாவில் அதற்கான எதிர்ப்பு 1970களிலேயே தெரிந்துவிட்டது.

குறைந்த உலோகத்தைக் கொண்டு அதே வேலையை வாங்க முடியுமா என்ற கேள்வியில்தான் நானோ துகள் உள்ளே வருகிறது.

அளவு சிறுத்தால் என்ன மாறுகிறது?

ஒரு கல்லுப்பையும் அதே எடையுள்ள தூள் உப்பையும் தனித்தனி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். தூள் சட்டென்று கரைந்துவிடும். கல் அடியில் கிடக்கும். இரண்டும் ஒரே உப்புதான், தண்ணீர் தொடும் பரப்புதான் வேறு. அதே தூள் உப்பை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் கட்டிதட்டிப் போய், தூளாக இருந்த பயனை இழந்துவிடும். நானோ துகளின் பலம், பலவீனம் இரண்டும் இதற்குள் அடங்கிவிட்டன: பரப்பு கூடும், கட்டிதட்டும் ஆபத்தும் கூடும்.

இனி எண்களைப் பார்ப்போம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகளை நானோ துகள் என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். ஒரு ஸாந்தோமோனாஸ் செல்லின் நீளம் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 நானோமீட்டர். 20 நானோமீட்டர் வெள்ளித் துகள்களை அதன் நீளவாக்கில் 50 முதல் 100 வரை வரிசையாக அடுக்கலாம். அப்படிப்பட்ட ஒரு துகளில் சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி அணுக்கள் இருக்கும்.

இலைச்சாற்றின் உண்மையான வேலை

வெள்ளி நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளி அணுக்கள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் மிதக்கும். இப்படி மின்னேற்றம் பெற்ற அணுவே அயனி. இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அயனி மீண்டும் உலோக அணுவாகும். இந்த வினைக்கு ஒடுக்கம் என்று பெயர். எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள் ஒடுக்கி.

இலைச்சாற்றில் ஒடுக்கிகளுக்குப் பஞ்சமில்லை. பாலிபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், வைட்டமின் சி, சிலவகைச் சர்க்கரைகள் எல்லாமே எலக்ட்ரானைத் தரக்கூடியவை. நறுக்கிய பழம் காற்றில் கறுப்பதற்குக் காரணமான பாலிபீனால்களின் உறவினர்கள்தாம் இங்கே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, தாம் குவினோன் என்ற வடிவத்துக்கு மாறுகின்றன.

உலோக அணுக்கள் நாலைந்தாகக் கூடி முதலில் ஒரு வித்து உண்டாகும். மற்ற அணுக்கள் அதன்மேல் வந்து படியும். ஒரே நேரத்தில் நிறைய வித்துகள் தோன்றினால், இருக்கும் அணுக்கள் பங்கு பிரிந்து துகள்கள் சிறியவையாக அமையும். வித்துகள் குறைவானால் ஒவ்வொன்றும் பெருத்துவிடும். வினையின் வேகம் துகளின் அளவை முடிவு செய்வது இப்படித்தான்.

வளரும் துகளைச் சாற்றிலுள்ள புரதங்களும் பாலிசாக்கரைடுகளும் மற்ற மூலக்கூறுகளும் சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இது மேலுறை. துகள்கள் கட்டிதட்டாமல் காப்பது இதன் பணி. ஆய்வகத்தில் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ஒடுக்கியையும் தனியாக ஒரு மேலுறைப் பொருளையும் சேர்ப்பார்கள். இலைச்சாறு இரண்டு வேலையையும் ஒருங்கே செய்துவிடுகிறது. ‘பசுமைத் தொகுப்பு’ என்ற பெயர் இதற்குத்தான், இதற்கு மட்டும்தான்.

எல்லா உலோகமும் இப்படி எளிதில் இணங்காது. எலக்ட்ரானை ஏற்கும் விருப்பத்தை வோல்ட்டில் அளக்கிறார்கள்: வெள்ளிக்கு +0.80, தாமிரத்துக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76. வெள்ளி முன்வந்து வாங்கிக்கொள்ளும். தாமிரம் தயங்கும், உலோகமாக மாறினாலும் காற்று பட்டதும் ஆக்சைடாகிவிடும். துத்தநாகத்தை இலைச்சாறு உலோகமாக ஒடுக்கவே முடியாது. ‘இலைச்சாற்றால் துத்தநாக அயனி ஒடுக்கப்பட்டது’ என்று எங்கேயாவது படித்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். அங்கே நடப்பது வேறு: காரத்தன்மையில் துத்தநாக ஹைட்ராக்சைடு படிகிறது, அதைச் சூடாக்கினால், வழக்கமாக 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்தால், துத்தநாக ஆக்சைடு கிடைக்கிறது. துகள் தாறுமாறாக வளராமல் தடுப்பதே அதில் சாற்றின் பங்கு. அந்தச் சூட்டில் சாற்றின் கரிமப் பொருளும் பெரும்பாலும் எரிந்துபோய்விடும். பிறகு அந்த வெள்ளைத் தூளில் மூலிகை எங்கே இருக்கும்?

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்குவது ஒடுக்கி, உருவான துகளைக் கட்டிதட்டாமல் காப்பது மேலுறை. வெள்ளியில் இலைச்சாறு இரண்டையும் செய்கிறது. துத்தநாகத்தில் இரண்டாவதை மட்டுமே செய்கிறது.

செய்முறை: வெள்ளியை எடுத்துக்கொண்டால்

நன்றாகக் கழுவிய புதிய இலை 10 கிராம். கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும். பொடியாக நறுக்கி, 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 60 முதல் 80 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஆறியதும் வடிதாளில் வடிகட்ட வேண்டும். கலங்கல் இல்லாத சாறு கிடைக்கும்வரை வடிகட்டுவது நல்லது. மிதக்கும் நார்த்துணுக்குகள்மேல் வெள்ளி படிந்தால் துகளின் அளவு ஒழுங்காக வராது. சாற்றை அன்றே பயன்படுத்துவது உத்தமம். 4 டிகிரியில் சில நாள் வைக்கலாம். அதற்குமேல் பாலிபீனால்கள் காற்றோடு வினைபுரிந்து எலக்ட்ரான் கொடுக்கும் திறனை இழக்கும், சாற்றில் நுண்ணுயிரும் வளரும்.

வெள்ளி நைட்ரேட் கரைசலின் வழக்கமான செறிவு 1 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 170 மில்லிகிராம். 100 மில்லிலிட்டருக்கு 17 மில்லிகிராம்தான் வரும் என்பதால் சாதாரணத் தராசில் சரியாக நிறுக்க வராது. 170 மில்லிகிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்து 10 மில்லிமோலார் கரைசலாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது பத்து மடங்கு நீர்த்துக்கொள்வதே எளிது. பழுப்புநிறப் புட்டியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்த உப்பு தோலைக் கறுக்க வைக்கும், கண்ணில் பட்டால் புண்ணாக்கும்.

90 மில்லிலிட்டர் வெள்ளிக் கரைசலைக் கலக்கியபடியே 10 மில்லிலிட்டர் சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அறை வெப்பத்தில் சில மணி நேரமும், 60 டிகிரியில் அதைவிடக் குறைந்த நேரமும் பிடிக்கும். வெளிர்மஞ்சள் கருமஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகும். கலவை லேசான காரத்தன்மையில், பிஎச் 8 முதல் 9 வரை இருந்தால் பாலிபீனால்கள் எலக்ட்ரானை எளிதாகக் கொடுக்கும். வினை விரைவாகும், துகளும் பொதுவாகச் சிறியதாக வரும். பிஎச் உயர்த்த நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு போதும். அமோனியா வேண்டவே வேண்டாம். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகலாம்.

கடைசியாக, நிமிடத்துக்கு 10,000 முதல் 15,000 சுற்று வேகத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகளை அடியில் படியவைத்து, மேல்நீரைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கலக்கி, இரண்டு மூன்று முறை இப்படியே கழுவ வேண்டும். வினையில் சேராத வெள்ளி அயனியை வெளியேற்றுவதற்கே இந்தக் கழுவல். அது எவ்வளவு முக்கியம் என்பது சோதனைக்கு வரும்போது தெரியும்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1 மில்லிமோலார் கரைசலில் லிட்டருக்கு 108 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு சாறு சேர்த்த பிறகு அது 97 ஆகும். அயனி முழுவதும் துகளாக மாறினாலும் கிடைப்பது 97 பிபிஎம்தான் (பிபிஎம் என்பது இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). அடர்த்தியாக்காமலே இந்தக் கலவையை ‘500 பிபிஎம் வெள்ளி நானோ’ என்று ஒருவர் சொன்னால், கணக்கு உதைக்கிறது.

எங்கே கெடுகிறது?

அடிக்கடி கெடுவது தண்ணீரால். குழாய் நீரில் குளோரைடு இருக்கும். வெள்ளி அயனி அதைக் கண்டதும் பிடித்துக்கொண்டு, பால்போல வெண்ணிறக் கலங்கலாகும். இது வெள்ளி குளோரைடு. வெளிச்சம் பட்டால் சாம்பல் கலந்த ஊதாவாக மாறும். புதியவர் அதையே நானோ துகள் என்று நினைத்துவிடுவார். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் இலையிலேயே ஓரளவு குளோரைடு உண்டு. சாறு சேர்த்தவுடன் வெண்கலங்கல் தோன்றினால், சாற்றின் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும், அல்லது வேறு இலைக்கு மாற வேண்டும்.

காரத்தை அளவுக்கு மீறிச் சேர்த்தாலும் ஏமாற்றம்தான். வெள்ளி ஆக்சைடு பழுப்பாகப் படியும். சாறும் காரத்தில் தானாகவே கருக்கும். வெள்ளியே இல்லாமல் பழுப்பு நிறம் வர முடியும் என்பது இதன் பொருள். ஆகவே மூன்று குடுவைகள் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும்: கலவை ஒன்றில், அதே பிஎச்சில் சாறு மட்டும் இன்னொன்றில், வெள்ளி நைட்ரேட் மட்டும் மூன்றாவதில். மூன்றுக்கும் ஒரே வெப்பம், ஒரே இருட்டு.

பழுப்புக் கரைசல் சாம்பல் நிறமாகி அடியில் கறுப்பு வண்டல் தங்கினால், துகள்கள் கட்டிதட்டிவிட்டன. சாறு குறைவாகி மேலுறை போதாமல் போயிருக்கலாம். கரைசலில் உப்பு சேர்ந்திருக்கலாம். அதிகமாகக் கழுவி மேலுறையையே உரித்திருக்கலாம். இலையின் வேதிப்பொருள் பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதால், ஒரே மரத்து இலைகூட அடுத்த மாதம் அதே துகளைத் தராது. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான். இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

உருவானது துகள்தானா?

வெள்ளி நானோ துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் கூட்டாக ஊசலாடி, குறிப்பிட்ட அலைநீளத்தை விழுங்குகின்றன. இதற்கு மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். மஞ்சள், பழுப்பு நிறம் வருவது இதனால்தான். எந்த அலைநீள ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒரு முகடு தெரிய வேண்டும். முகடு அகன்று 500க்கு மேல் வால் நீட்டினால் துகள்கள் பெருத்திருக்கும் அல்லது ஒட்டியிருக்கும்.

துகளின் வடிவத்தையும் அளவையும் நேரில் காட்டுவது எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதில் 20 நானோமீட்டராகத் தெரிந்த துகள், நீரில் ஒளிச்சிதறல் முறையில் அளக்கும்போது 60 என்று வரலாம். இரண்டாவது கருவி மேலுறையையும் சுற்றியுள்ள நீர்ப்படலத்தையும் சேர்த்து அளக்கிறது, முரண்பாடு ஏதுமில்லை. உள்ளே இருப்பது வெள்ளியா, வெள்ளி குளோரைடா என்பதை எக்ஸ்கதிர் விளிம்புவிளைவுச் சோதனை பிரித்துச் சொல்லும்.

பாக்டீரியா எப்படிச் சாகிறது?

வெள்ளித் துகளின் மேற்பரப்பை ஆக்சிஜன் மெல்ல அரித்து வெள்ளி அயனியை வெளிவிடுகிறது. அந்த அயனி புரதங்களில் உள்ள கந்தகக் குழுக்களைப் பிடித்துக்கொள்ளும். கந்தகத்தை நம்பி இயங்கும் நொதிகள் முடங்கும், செல் சவ்வு கசியும், ஆற்றல் உற்பத்தி நிற்கும். கூடவே, செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி டிஎன்ஏவையும் சவ்வையும் தாக்குகின்றன. துத்தநாக ஆக்சைடில் துத்தநாக அயனியோடு, ஒளிபட்டு உண்டாகும் இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

துகள் தானே துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் கொல்கிறது என்ற சித்திரம் கவர்ச்சியானது, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஈ.கோலை பாக்டீரியாவை ஆக்சிஜன் இல்லாத சூழலில் வைத்து வெள்ளித் துகளைக் கொடுத்தார்கள். அயனி வெளியாகவில்லை, பாக்டீரியாவும் சாகவில்லை. துகளை அயனியின் சேமிப்புக் கிடங்கு என்று புரிந்துகொள்வதே சரி: பாக்டீரியாவின் மேல் ஒட்டி, அங்கேயே, மெதுவாக, நீண்ட நேரம் அயனியை விடுகிறது.

சுருக்கமாக: அயனிதான் முதன்மை ஆயுதம். அது எங்கே, எந்த வேகத்தில் வெளியாகிறது என்பதைத் துகளின் அளவும் மேலுறையும் தீர்மானிக்கின்றன.

தட்டில் தெரியும் வட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

பலரும் முதலில் செய்வது, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் நிரப்பிய தட்டில் துளையிட்டுத் துகளை ஊற்றி, வட்டத்தின் விட்டத்தை அளப்பது. துகள் அகாருக்குள் சரியாகப் பரவாது; பரவுவது அயனி. அகார் ஊடகத்தில் உள்ள குளோரைடும் புரதமும் அந்த அயனியையும் பிடித்துக்கொள்ளும். ஆக, சிறிய வட்டம் பலவீனத்தைக் காட்டாது. பெரிய வட்டம், கழுவாமல் விட்ட வெள்ளி நைட்ரேட்டின் வேலையாகக்கூட இருக்கலாம்.

இதைவிட நம்பகமானது, பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடிப்பது. திரவ ஊடகத்தில் துகளை மில்லிலிட்டருக்கு 64, 32, 16, 8, 4 மைக்ரோகிராம் என்று பாதிபாதியாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் சம அளவு பாக்டீரியா சேர்த்து, ஸாந்தோமோனாஸ் என்றால் 28 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வளர்க்க வேண்டும். துகளின் பழுப்பு நிறமே கலங்கல்போலத் தெரிந்து கருவியை ஏமாற்றும். எனவே ஒவ்வொரு குழாயிலிருந்தும் சிறிது எடுத்துப் புதிய தட்டில் பரப்பி, உயிரோடு இருப்பவற்றை எண்ணிவிட வேண்டும்.

எந்தச் சோதனையானாலும் ஒப்பீட்டுக் குழுக்கள் இல்லாவிட்டால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. வெறும் தண்ணீர், அதே அளவு நீர்த்த சாறு மட்டும், அதே எடை வெள்ளி உள்ள வெள்ளி நைட்ரேட், துகளைப் படியவைத்த பிறகு மிஞ்சிய மேல்நீர், வழக்கமான தாமிர மருந்து ஆகிய ஐந்தும் வேண்டும். மேல்நீரும் துகளும் ஒரே அளவில் கொன்றால், வேலை செய்தது துகள் அல்ல.

தட்டில் செத்தது இலையில் சாகும் என்ற உறுதியும் இல்லை. செடியில் சோதிக்கும்போது மில்லிலிட்டருக்கு சுமார் 10 கோடி பாக்டீரியா உள்ள கரைசலால் நோயை ஏற்படுத்துவார்கள். துகளை அதற்கு முன் தெளித்த செடிகளும், பின் தெளித்த செடிகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். முன்கூட்டித் தெளித்தால் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவைத் தடுக்கலாம். உள்ளே நுழைந்து பெருகியதைத் துரத்துவது வேறு விஷயம். தண்டின் நீர்க்குழாய்களுக்குள் வாழும் ரால்ஸ்டோனியாவை இலைத் தெளிப்பு தொடாது. மண்ணில் ஊற்றினாலோ, வெள்ளி அங்குள்ள குளோரைடு, கரிமப் பொருள், சல்ஃபைடு ஆகியவற்றோடு சேர்ந்து வீரியம் இழக்கும்.

‘பசுமை’ என்றால் தீங்கில்லாததா?

தயாரிப்பில் கடுமையான ஒடுக்கிகள் தவிர்க்கப்பட்டன என்பதோடு அந்தச் சொல்லின் பொருள் முடிந்துவிடுகிறது. இலைச்சாற்றில் பிறந்த வெள்ளியும் வெள்ளிதான். கந்தகக் குழுவைத் தேடும் அதன் அயனிக்கு, நோய் பரப்பும் பாக்டீரியா எது, நைட்ரஜனை நிலைநிறுத்தும் நல்ல பாக்டீரியா எது என்று தெரியாது. நீரில் கலந்தால் மீன்களுக்கும் சிற்றுயிர்களுக்கும் நஞ்சு. பயிருக்கே அளவு மீறினால் இலை கருகும், விதை முளைப்பு குறையும். நோய்க்கான செறிவைக் கண்டதும், அதன் இரண்டு மடங்கிலும் நான்கு மடங்கிலும் விதை முளைப்பையும் இலையையும் சோதித்துப் பார்ப்பது அடுத்த படியாக இருக்க வேண்டும். துத்தநாகம் பயிருக்கு நுண்ணூட்டமும் ஆவதால் அதற்குக் கொஞ்சம் இடம் உண்டு, எல்லையில்லாத இடம் அல்ல.

பாக்டீரியா இதற்குப் பழகாது என்பதும் தவறு. 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், குறைந்த அளவு வெள்ளித் துகளோடு திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்ட ஈ.கோலை, ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைச் சுரந்து துகள்களைக் கட்டிதட்ட வைத்துத் தப்பித்தது. அதற்கு மரபணு மாற்றம்கூடத் தேவைப்படவில்லை. மாதுளைத் தோல் சாறு அந்தப் புரதச் சுரப்பை அடக்கியபோது துகளின் வீரியம் திரும்பியது. இலை, தோல், பட்டைச் சாறுகளை ஒடுக்கியாக மட்டும் பார்க்காமல், இப்படித் துணை ஆயுதமாகவும் ஆராய்வதற்கு இதில் நல்ல காரணம் இருக்கிறது.

சோதனை முடிந்து மீதமாகும் கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கழுவிய நீரையும் சேர்த்து ஒரு கலனில் ஊற்றி, சாதாரண உப்பைக் கரைத்துவிட்டால் அயனி வெள்ளி குளோரைடாகப் படியும், துகள்களும் பெரும்பாலும் கட்டிதட்டி இறங்கும். ஓர் இரவு தெளியவிட்டு, படிவை வடிகட்டி உலர்த்தி, உலோகக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.